பாதுகாவலரின் கையெழுத்து அவளுடைய சம்மதம் ஆகாது

ஓபி முடிகிற நேரம். ஒரு பெண்ணின் அப்பா என் மேஜைமேல் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தார். முதல் தாளே பாதுகாவலர் சான்றிதழ், லேமினேட் செய்தது. "எல்லாம் சட்டப்படி வாங்கியாச்சு மேடம். நாங்கதான் கார்டியன். கர்ப்பப்பையை எடுத்துடுங்க, எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்துப் போடறோம்."

பொண்ணு எங்கே என்று கேட்டேன். வெளியே பெஞ்சில் அத்தையோடு உட்கார்ந்திருக்கிறாளாம். வயது 24. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. இந்த மாதத்தில் இதே கோரிக்கையோடு வந்த மூன்றாவது குடும்பம் இது. மூன்று தடவையும் பெண்ணை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். பட அட்டைகளைக் காட்டி மாதவிலக்கு பற்றிக் கேட்டேன். வலியில் சுருங்கிய முகம் வரைந்த அட்டைமேல் விரலை வைத்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நாள். "இது எனக்கே தெரியாதே மேடம்" என்றார் அம்மா. அந்த இரண்டு நாள் அவள் கத்துவதையும் பேடைப் பிடுங்கி எறிவதையும் வைத்துத்தான் ஆபரேஷன் வரை வந்திருந்தார்கள். வலிக்கு இதுவரை ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை.

அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அதனால்தான் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் குழு வைத்து நியமிக்கிறார்கள். வங்கிக் கணக்கு, உதவித்தொகை, சொத்து, அன்றாடப் பராமரிப்பு என்று அதற்குப் பயன் நிறையவே உண்டு, வாங்கி வையுங்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? மாற்றுத்திறனாளி எவரையும், அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல், மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்த மருத்துவச் சிகிச்சைக்கும் உட்படுத்தக் கூடாது. 'அல்லது பாதுகாவலரின் சம்மதத்தோடு' என்ற வார்த்தை அந்தப் பிரிவில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். ஆண்களுக்கும் இது பொருந்தும். மகனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்துவிடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். அதே சட்டத்தின் 14-வது பிரிவு, பாதுகாவலர் என்பவர் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, கூடச் சேர்ந்து முடிவெடுப்பவர் என்கிறது.

இப்போது, கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிற விஷயம். "யாராவது ஏதாவது பண்ணிட்டா என்ன பண்றது மேடம்? எடுத்துட்டா பாதுகாப்பு." எந்தப் பாதுகாப்பு? கர்ப்பப்பை இல்லாத பெண்ணைப் பலாத்காரம் செய்ய முடியாதா? அவள்மேல் கை வைக்க வருகிறவன் அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டா வருகிறான்? பெரும்பாலும் அவன் தெரிந்தவன். வீட்டுக்குள் வந்து போகிறவன். இவளுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்பது முதலில் தெரியவருவதும் அவனுக்குத்தான். இனி கரு தங்காது, விஷயம் வெளியே வராது என்ற தைரியம் அவனுக்கு வந்துவிடும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது என்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தடயத்தையும் நாமே எடுத்துவிட்டால், வருஷக்கணக்கில் நடந்தாலும் யாருக்கும் தெரியாது. பால்வினை நோய்த் தொற்றையும் இந்த ஆபரேஷன் தடுக்காது. பயம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து வேறு: உடல் உறுப்புகளின் பெயர், யார் எங்கே தொடலாம், 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது, யாரிடம் வந்து சொல்வது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இருபத்திநாலு வயதுப் பெண்ணை எல்லோரும் 'பாப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் இதையெல்லாம் எப்போது சொல்லித்தருவது? தயவுசெய்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

'எடுத்துவிட்டால் வலிப்பு குறையும், கோபம் குறையும்' என்பதும் தவறு. சிலருக்கு மாதவிலக்கை ஒட்டி வலிப்பு கூடுவது உண்மைதான். அது சினைப்பை ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருவது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். சினைப்பையையும் எடுத்தால் இந்த வயதிலேயே மெனோபாஸ், எலும்புத் தேய்மானம். நீண்டகாலம் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம்.

ரத்தப்போக்குக்கும் வலிக்கும் வழிகள் உண்டு. வலி மாத்திரை, ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம். இவற்றுக்கும் அவளிடம் கேட்க வேண்டும். ஆனால் இவை வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம், எடுத்த கர்ப்பப்பை திரும்ப வராது. சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்பமசெபின், பெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும், ஈஸ்ட்ரஜன் சேர்ந்த மாத்திரை லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கி வலிப்பை வரவழைக்கலாம். ஃபைலைப் பார்க்காமல் எழுதாதீர்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய், எதற்கும் அடங்காத ரத்தப்போக்கு என்றால் பேச்சே வேறு. அப்போதும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, சொன்னதையும் அவள் பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கருக்கலைப்புக்கும் இதே கதைதான். 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்தபோது பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமான, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. அவள் குழந்தை வேண்டும் என்றாள். அவளுடைய சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கலைத்தால், 2016 சட்டத்தின் 92-வது பிரிவுப்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும், மருத்துவர் கருத்து, பாதுகாவலர் சம்மதம் இரண்டும் இருந்தால் விதிவிலக்கு. 'கடுமையான' என்ற சொல்லை வசதிக்கு இழுக்காதீர்கள்.

அம்மாக்களே, மாதம் ஐந்து நாள் பேட் மாற்றி, துணி துவைத்து, ராத்திரி தூங்காமல் இருப்பது நீங்கள்தான். உங்களுக்குப் பிறகு யார் என்ற கவலையும் உங்களுடையதுதான். அது தெரியாமல் பேசவில்லை. பேட் மாற்றுவதைப் பொம்மைக்கு உள்ளாடை போட்டு, ஒவ்வொரு படியாகப் பழக்கலாம், சிறப்பாசிரியர் உதவுவார். ஆறு மாதம் ஆகட்டும், ஒரு வருஷம் ஆகட்டும்.

எந்த முடிவுக்கும் முன்னால் எனக்கு வேண்டியது மூன்று மாதக் குறிப்பு: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, நாளைக்கு எத்தனை பேட், எந்த நாள் வலி, எந்த நாள் வலிப்பு. காலண்டரில் குறிக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள். அன்று வந்த பெண், கிளம்பும்போது என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.