மேலரசுரிமை: திபெத் வழக்கில் ஒரு சொல்லின் வரலாறு

திபெத் தொடர்பான பழைய உடன்படிக்கைகளிலும் ஐக்கிய நாடுகள் அவையின் தொடக்கக்கால விவாதங்களிலும் ‘சூசரெயின்டி’ என்னும் ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அரசு தன் உள்நாட்டு ஆட்சியைத் தானே நடத்திக்கொள்ள, அதற்கு மேலே நிற்கும் இன்னோர் அரசு அதன் வெளியுறவுகளின் மீது உரிமை கொண்டாடும் நிலையை இச்சொல் குறிக்கும். தமிழில் இதை ‘மேலரசுரிமை’ என்கிறேன். இதை ‘இறையாண்மை’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். ஏனெனில் திபெத்தின் சட்டநிலை குறித்த நூறாண்டு வழக்கே இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடந்தது.

சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் உள்ளது. ‘மேலே’ எனப் பொருள்படும் ‘சு’ என்னும் அடியிலிருந்து, இறையாளரைக் குறிக்கும் ‘சூவரன்’ என்ற சொல்லின் சாயலில், ‘சூசரன்’ உருவாயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் தமக்குக் கீழ்ப்பட்ட நிலக்கிழார்களிடம் பணிவும் படையுதவியும் பெற்ற மேல்தலைவனை அது குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வல்லரசுகள் அதைத் தூசு தட்டி எடுத்து உடன்படிக்கைகளில் புகுத்தின. 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை பல்கேரியாவை உதுமானிய சுல்தானின் மேலரசின் கீழ்த் தன்னாட்சி பெற்ற சிற்றரசாக்கியது. 1881இல் தென்னாப்பிரிக்காவில் போயர்கள் எனப்படும் டச்சு வழிக் குடியேறிகளின் அரசான திரான்சுவாலின் மீது பிரித்தானியா இதே உரிமையை எழுதிவைத்தது. 1884ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் அச்சொல் இடம்பெறாததால், உரிமை நீடிக்கிறதா இல்லையா என்ற சண்டை 1899ஆம் ஆண்டின் போயர் போர் வரை ஓயவில்லை. பொருளைத் திட்டமாக வரையறுக்காமல் விடுவதே இச்சொல்லின் பயன் என்று அக்கால அரசதந்திரிகள் கருதினார்கள் போலும்.

திபெத்துக்கு இது பொருந்தியதா என்ற ஐயம், அதைப் பயன்படுத்தியவர்களுக்கே இருந்தது. திபெத் மீதான சீன மேலரசுரிமை வெறும் அரசியலமைப்புக் கற்பனை என்று 1903இல் இந்தியாவின் வைசிராய் கர்சன் எழுதினார். ஆயினும் 1907இல் பிரித்தானியாவும் உருசியாவும் திபெத்தைக் கேட்காமலேயே அந்த உரிமையை ஏற்று உடன்படிக்கை செய்துகொண்டன. 1912இல் சீனப் படைகள் இலாசாவிலிருந்து வெளியேற்றப்பட்டன. பிரித்தானியா, திபெத், சீனா ஆகிய மூன்றும் பேசி உருவாக்கிய 1914ஆம் ஆண்டின் சிம்லா உடன்படிக்கை, திபெத் சீனாவின் மேலரசுரிமைக்கு உட்பட்டது, ஆனால் இலாசாவை உள்ளடக்கிய வெளித்திபெத் தன்னாட்சி உடையது என்று வகுத்தது. சீனப் பேராளர் அதில் சுருக்கொப்பம் இட்டபோதும், அவருடைய அரசு அதை ஏற்க மறுத்துவிட்டது. சீன மொழியில் இறையாண்மை ‘சூசுவான்’, மேலரசுரிமை ‘சோங்சூசுவான்’. முன்னால் ஓர் எழுத்து கூடுதலாக நிற்பதுதான் வேறுபாடு.

திபெத்தியரோ சீனாவை ஆண்ட மங்கோலிய, மஞ்சு பேரரசர்களுடனான தம் உறவைச் ‘சோயோன்’ என்ற பெயரால் அழைத்தார்கள். காணிக்கைக்கு உரிய குருவையும், காணிக்கை தந்து காக்கும் புரவலனையும் இணைத்துச் சொல்லும் பெயர் அது. குரு, புரவலனுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். புரவலனும் குருவின் நாட்டுக்கு உடைமையாளன் அல்லன். இந்த உறவை ஐரோப்பிய நிலக்கிழார் முறையின் சொல்லுக்குள் அடைத்ததே முதல் திரிபு என்பது என் கருத்து.

தமிழில் இதற்கு ‘மேலாண்மை’ முன்பு பொருந்தியிருக்கலாம். இன்று அது நிறுவன நிருவாகத்துக்கு உரியதாகிவிட்டது. ‘மேலாதிக்கம்’ என்பதில் அடக்குமுறையின் சாயல் மிகுதி. வல்லரசுகளைக் கண்டிக்கும் மேடைகளில் அது நிலைத்துவிட்டது. ‘மேலுரிமை’ தவறன்று, எனினும் சலுகை என்று கொள்ளவும் இடமுண்டு. திறை செலுத்திய சிற்றரசு என்ற வழக்கு தமிழில் உயிரோடு இருப்பதால், அதன் மறுமுனையை ‘மேலரசு’ என்றும், அதன் உரிமையை ‘மேலரசுரிமை’ என்றும் சொல்வது தெளிவு. 1947 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மீது பிரித்தானிய முடி கொண்டிருந்த தலைமையுரிமை இதற்கு நெருங்கிய உறவுடையது.

மேலரசுரிமை என்னும் தெளிவின்மை உலக நாடுகளுக்கு உதவியது. 1950இல் சீனப் படைகள் நுழைந்தபோது, திபெத்தின் முறையீட்டை எல் சால்வடோர் ஐ.நா. அவைக்குக் கொண்டுவந்தது. திபெத்தின் சட்டநிலை தெளிவாக இல்லை என்றார் பிரித்தானியப் பேராளர், அமைதியான தீர்வுக்கு வாய்ப்பிருக்கிறது என்றார் இந்தியப் பேராளர், விவாதம் தள்ளிவைக்கப்பட்டது. 1959 மார்ச் 10இல் இலாசாவில் மக்கள் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்ட பின், அயர்லாந்தும் மலாயாவும் கொண்டுவந்த தீர்மானம் 45 வாக்குகளால் நிறைவேறியது. 9 நாடுகள் எதிர்த்தன, இந்தியாவும் பிரித்தானியாவும் உட்பட 26 நாடுகள் வாக்களிக்கவில்லை. அத்தீர்மானம் மனித உரிமைகளைப் பற்றிப் பேசியது. சீனாவின் பெயரைச் சொல்லவில்லை. திபெத் மக்களின் தன்னுரிமை 1961ஆம் ஆண்டின் தீர்மானத்தில்தான் இடம்பெற்றது. 1965இல் வந்த மூன்றாம் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது.

திபெத்தில் தெருவில் நின்று போராடியவர்கள் மேலரசுரிமை என்ற இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. 1987இல் இலாசாவை அடுத்த திரேபுங் மடத்துத் துறவிகள் எழுப்பிய முழக்கம் ‘ரங்சென்’, அதாவது தன்வலிமை, விடுதலை. 2008 மார்ச்சில் அதே மடத்திலிருந்து தொடங்கிய போராட்டம் திபெத்தியர் வாழும் அண்டை மாகாணங்களுக்கும் பரவியது. 2009 முதல் தீக்குளித்த திபெத்தியர் 150 பேருக்கு மேல்.

2008 அக்டோபர் 29 அன்று, தலாய் லாமாவின் தூதர்கள் பெய்ஜிங்கில் பேச்சுவார்த்தைக்கு அமரவிருந்த வேளையில், பிரித்தானிய வெளியுறவுச் செயலர் டேவிட் மிலிபேண்ட், மேலரசுரிமை காலங்கடந்த கருத்து என்று கூறி அதைக் கைவிட்டார். மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளைப் போலவும் அமெரிக்காவைப் போலவும் திபெத்தைச் சீனாவின் பகுதியாகவே கருதுவதாக அறிவித்தார். இதற்கு ஈடாகப் பிரித்தானியா எதைப் பெற்றது என்று அன்று பலர் கேட்டார்கள். தூதர்கள் அந்தச் சுற்றில் முன்வைத்த குறிப்பாணை கேட்டது விடுதலையை அல்ல, சீன அரசியலமைப்புக்கு உட்பட்ட தன்னாட்சியை. சீனா அதை மாறுவேடமிட்ட விடுதலை என்று ஒதுக்கியது.