திட்டிய சொல் அப்படியே முறைப்பாட்டில் இருக்க வேண்டும்

கோயிலுக்குக் கல்லெறி விழுந்தாலும், பள்ளிவாசல் மதிலில் வசை எழுதப்பட்டாலும், மாதா சொரூபம் உடைக்கப்பட்டாலும் இலங்கையின் வடக்கே வன்னியில் மக்கள் முதலில் தேடிப் போவது கிராம அலுவலரை அல்லது குருவானவரை. பொலிஸ் நிலையம் கடைசி. பயம் ஒரு காரணம். என்னிடம் வருபவர்கள் அதைவிட அதிகம் சொல்வது, "பொலிசார் சிங்களத்தில் எழுதுவது எங்களுக்கு விளங்காது" என்பதைத்தான்.

ஒரு சட்டத்தரணியாக நான் திரும்பத் திரும்பச் சொல்வது: விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 109 ஆம் பிரிவில், வாய்மொழி முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அது இயலாதபோது மட்டுமே வேறு மொழி.

இது சின்ன விடயமல்ல. இனத்தையோ மதத்தையோ இழுத்துத் திட்டியது, "வாய்த்தர்க்கம்" என்று சுருங்கிப் பதிவானால், வழக்கின் உயிரே போய்விடும். இரு தரப்பையும் இருத்திச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். ஆகவே கூச்சப்படாமல், அவன் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள். வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 290 ஆம் பிரிவில் குற்றம். பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ தூண்டும் வெறுப்புப் பேச்சுக்கு, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தில் 10 ஆண்டு வரை கடூழியச் சிறை உண்டு. அதே சட்டம் எழுத்தாளர்கள் மீதும் பாய்ந்திருக்கிறது. வேலிச் சண்டைக்கெல்லாம் அதை இழுக்கக் கூடாது.

வெறுப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்தவர்களும், 1990 இல் விரட்டப்பட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம்களும் எங்கள் வாயாலும் காயப்பட்டிருக்கிறார்கள். முறைப்பாடு செய்யப் போகும் அவர்களை, "ஊர்ப் பிரச்சினையை ஏன் பொலிசுக்குக் கொண்டுபோகிறாய்?" என்று தடுப்பதும் நாங்கள்தான். இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்கும் நிலையத்தில் மக்கள் தயங்காமல் வாய் திறப்பதைக் கண்டிருக்கிறேன். நடமாடும் சேவைகளும் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களும் நல்லவைதான். ஆனால் இரவில் கல் விழும்போது கடமையில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், தேதியையும் நேரத்தையும் உடனே எழுதி வையுங்கள். மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதமே தவணை. அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.