அலையே இல்லாத கரையில்தான் கவனம் வேண்டும்

கிரீஸின் பாரோஸ் தீவில் துடுப்புப் பலகையும் விண்ட்சர்ஃபிங்கும் கற்றுத் தருவது என் தொழில். இங்கே வருகிறவர்கள் அலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், காற்றை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று அடிக்கும். மேகமோ மழையோ கூட வராது, வானம் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் விட்டால் நாள் கணக்கில் ஓயாமல் வீசும், மதியத்துக்கு மேல் இன்னும் வேகம் பிடிக்கும். 6, 7 போஃபோர்ட் (காற்றின் வேகத்தைச் சொல்லும் அளவு) என்று வானிலைச் செயலி காட்டினால் மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாளில் தீவுக்காரர்களைக் கேட்டால் "தெற்குக் கரைக்குப் போங்க, அங்கே அலையே இருக்காது" என்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் குளிக்க அது நல்ல யோசனைதான். பலகை, மிதவை என்று கிளம்புகிறவர்களுக்கு அதே இடம்தான் வில்லங்கம். மேடான நிலம் காற்றை மறைப்பதால் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். கொஞ்ச தூரம் போய் மறைப்பு முடிந்ததும் காற்று முதுகில் கைவைத்துக் கடலுக்குள் தள்ளும். போகும்போது "அட, எவ்வளவு சுலபமா வருது" என்றிருக்கும். திரும்பும்போதுதான் விஷயம் புரியும்.

இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடித்தால் அன்றைக்குப் பலகை வேண்டாம். தூரத்தில் தண்ணீர் கருத்து, வெண்ணுரை தெரிந்தாலும் வேண்டாம்.

காற்றடைத்த பந்தோ மிதவையோ பறந்தால் விட்டுவிடுங்கள், துரத்தி நீந்தாதீர்கள், அது உங்களைவிட வேகமாகப் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். தெரியாதவர் துரத்தவே மாட்டாரே! பலகையிலிருந்து விழுந்தாலும் அதை விடக் கூடாது, காலில் கயிறு இருக்கட்டும். எழுந்து நின்றால் உடம்பே பாய்மரமாகிவிடும், அதனால் குப்புறப் படுத்துக் கையால் துழாவி வாருங்கள். முடியவில்லையா, பலகையிலேயே இருந்து துடுப்பைத் தலைக்கு மேல் ஆட்டுங்கள். 2020 ஆகஸ்டில் கிரீஸின் பெருநிலக் கரையில் இருக்கும் அந்திரியோ பக்கம் யூனிகார்ன் மிதவையோடு கடலுக்குள் போய்விட்ட சின்னப் பெண்ணைப் படகுக்காரர்கள் தூக்கிய வீடியோ பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குழந்தை மிதவையை விடவில்லை. அதற்காகப் பிள்ளைகளை மிதவையை நம்பி விடாதீர்கள், லைஃப் ஜாக்கெட் போடுங்கள், கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

பாறைப் பக்கம் போனால் ரப்பர் செருப்பு போடுங்கள், கடல் முள்ளெலி ஏராளம். ஜெல்லி மீன் பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

பெரிய கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பார், சிவப்புக் கொடி ஏறியிருந்தால் பேரம் பேசாமல் இறங்காமல் இருங்கள். சின்னக் குடாக்களில் யாரும் இருக்க மாட்டார்கள், அங்கே போகும்போது போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கிரேக்கக் கடலோரக் காவல்படையின் எண் 108, பொது அவசர எண் 112.