காணாமற்போன இரண்டு கன்றுகள்

போன ஆண்டு அம்மா சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து பத்துக் கறிவேப்பிலைக் கன்றுகளை வாங்கிவந்து, ஈசூனில் எங்கள் புளோக்கில் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பதினாறு வாரம் கழித்து, "எத்தனை பிழைத்தன?" என்று என்னிடம் கணக்குக் கேட்டார். நான்கு தழைத்திருந்தன, நான்கு பட்டுப்போயிருந்தன. மிச்சம் இரண்டு? ஐந்தாம் வாரத்தில் ஒரு குடும்பம் பொங்கோலுக்கு வீடு மாறியபோது கன்றையும் எடுத்துச் சென்றுவிட்டது. பத்தாம் வாரத்தில் எதிர்வீட்டு அக்கா தம் கன்றை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டும் பிழைத்திருக்கும் என்றால் 60 விழுக்காடு. செத்திருக்கும் என்றால் 40. கணக்கிலேயே சேர்க்காவிட்டால் 50. மூன்றில் எதைச் சொன்னாலும் தெரியாததைத் தெரிந்ததாகவோ, தெரிந்ததைத் தெரியாததாகவோ காட்டியதாகிவிடும்.

மருத்துவ, உயிரியல் தரவுகளை ஆராயும் உயிர்ப்புள்ளியியல் படிப்பில் இந்தச் சங்கடம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். தொடக்கக்கல்லூரியிலும் பட்டப்படிப்பின் முதல் ஆண்டுகளிலும் சராசரி, நிகழ்தகவு, டி-சோதனை என்று ஓட்டை இல்லாத தரவுகளோடு பழகுகிறோம். ஆய்வின் பாதியில் காணாமற்போகிறவர்கள் வகுப்புக்குள் நுழைவது பெரும்பாலும் முதுநிலையில், யார் எவ்வளவு காலம் பிழைக்கிறார்கள் என்று ஆராயும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்ற பாடத்தில். அவர்களுடைய பதிவைப் பாடத்தில் 'சென்சார் செய்யப்பட்டது' என்பார்கள். திரைப்படத் தணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறுந்த பதிவு என்றே நான் சொல்வேன்.

வழி எளியது. ஒவ்வொரு சாவின்போதும், அந்த வாரம் கண்ணுக்கு முன்னால் இருந்தவை எத்தனை, அவற்றில் தப்பியவை எத்தனை என்று மட்டும் கேட்டு, அந்த விகிதங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் வாரம் பத்தில் ஒன்று பட்டது. தப்பியது பத்துக்கு ஒன்பது, அதாவது 0.9. ஐந்தாம் வாரம் பொங்கோல் கன்று விலகியது. சாவு இல்லை, ஆகவே எண் மாறாது. ஆனால் இனி பார்வையில் இருப்பவை எட்டுதான். எட்டாம் வாரம் அவற்றில் இரண்டு போயின: எட்டுக்கு ஆறு, 0.75. முந்தைய 0.9-ஆல் பெருக்கினால் 0.675. பத்தாம் வாரம் அக்காவின் கன்றும் விலக, மிஞ்சியவை ஐந்து. பன்னிரண்டாம் வாரம் ஒன்று பட்டது, 0.8-ஆல் பெருக்கினால் 0.54. அதாவது ஒரு கன்று பதினாறு வாரம் பிழைக்கும் வாய்ப்பு 54 விழுக்காடு. வரைபடத்தில் இது படிக்கட்டுபோல் இறங்கும். பொங்கோல் கன்று தான் வாழ்ந்து காட்டிய ஐந்து வாரங்களுக்கான சாட்சியத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இதற்குக் கப்லான்-மெயர் முறை என்று பெயர். புள்ளியியலாளர் பால் மெயர், புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து இதற்கு வந்தார். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்திலிருந்த எட்வர்ட் கப்லானுக்கோ கடலடித் தொலைபேசிக் கம்பிகளில் இருந்த வெற்றிடக் குழாய்களின் ஆயுள்தான் கவலை. இருவரும் தனித்தனியே அனுப்பிய கட்டுரைகளை ஒன்றாக்கித் தரும்படி ஆய்விதழ் கேட்டது. கடிதம் எழுதி எழுதி நான்கு ஆண்டுகள் ஓடின. 1958-இல் கட்டுரை வெளிவந்தது. நோயாளிக்கும் குழாய்க்கும் ஒரே கணக்குப் பொருந்தும்போது கறிவேப்பிலைக்கு என்ன குறை?

ஒரு நிபந்தனை உண்டு. விலகிப்போனதற்கும் பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. வீடு மாறியதில் சிக்கலில்லை. ஆனால் ஒரு மருந்துச் சோதனையில், உடல் மோசமாகி இனி முடியாது என்று ஊருக்கு விமானம் ஏறிய தொழிலாளரை 'தொடர்பில் இல்லை' என்று மட்டும் எழுதி வைத்தால், மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. ஆள் ஏன் போனார் என்று யாராவது விசாரிக்க வேண்டும்.

நான் விசாரிக்கவில்லை. அம்மா விசாரித்தார். எதிர்வீட்டுக் கன்று கைமாறும்போதே இலையெல்லாம் மஞ்சளாகியிருந்ததாம்; வாங்கியவர் இரண்டாம் நாளே குப்பையில் போட்டிருக்கிறார். பத்தாம் வாரத்தில் ஆறுக்கு ஐந்து என்று ஒரு படி சேர்த்து மீண்டும் பெருக்கினேன். 0.54 இருந்த இடத்தில் 0.45 வந்தது.