வெற்றிலை போடும் வாயும் பி53 புரதமும்

பாக்கைச் சுண்ணாம்போடு சேர்த்து மென்றால் வாய் சிவக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கிலுள்ள பொலிபீனோல்கள் என்ற தாவரச் சேர்வைகள் ஒட்சியேற்றமடைந்து, ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவற்றை உண்டாக்குகின்றன. இவை கன்னத்தின் உட்பக்கக் கலங்களின் டிஎன்ஏயைச் சேதப்படுத்தும். கூடவே ஒரு துண்டு யாழ்ப்பாணப் புகையிலையும் என்றால் கேட்கவே வேண்டாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

ஆனால் டிஎன்ஏ சேதமடைந்த கலமெல்லாம் புற்றுநோய்க் கலமாகிவிடுவதில்லை. அதற்குப் பெரும்பாலும் பி53 என்ற புரதத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சாதாரணக் கலம் பி53ஐ ஓயாமல் உண்டாக்குகிறது. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை உடனுக்குடன் அழிக்க வைக்கிறது. வீண் வேலைபோலத் தோன்றும். டிஎன்ஏ முறிந்ததும்தான் இதன் அருமை தெரியும்: எம்டிஎம்2இன் பிடி தளர, பி53 கிடுகிடுவெனச் சேர்ந்துவிடும். நான்கு நான்காக இணைந்து டிஎன்ஏயில் அமர்ந்து, பி21 முதலான புரதங்களை உண்டாக்கும் பரம்பரையலகுகளை இயக்கும். பி21 கலப்பிரிவை நிறுத்தும். திருத்த முடிந்தால் சரி, முடியாவிட்டால் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்தப் புரதத்தை 1979இல் டேவிட் லேன், ஆர்னல்ட் லெவின் உட்படப் பலர் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஆனால் அதன்பின் பத்து வருடங்கள் அது புற்றுநோயை உண்டாக்குவது என்றே நம்பப்பட்டது. ஆய்வுகூடங்களில் பயன்படுத்திய பி53 பிரதிகள் பல, விகாரமடைந்தவை, அதாவது பரம்பரையலகில் மாற்றம் ஏற்பட்டுப் பழுதானவை! 1989இல் லெவினின் குழு, விகாரமடையாத பி53, கலங்கள் புற்றாக மாறுவதைத் தடுக்கிறது என்று காட்டியது. அதே ஆண்டில் பேர்ட் வொகல்ஸ்டைனின் குழு, பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களில் 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பி53 பரம்பரையலகின் ஒரு பிரதி தொலைந்தும் மற்றது விகாரமடைந்தும் இருப்பதைக் கண்டது. இன்று, மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் பரம்பரையலகு பழுதடைந்திருப்பது தெரியும்.

அப்படியானால் நல்ல பி53ஐ உள்ளே செலுத்தலாமே? 2003இல் சீனா அதைத்தான் செய்தது: நல்ல பரம்பரையலகை வைரசில் ஏற்றிச் செலுத்தும் மருந்துக்கு, தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்காக அனுமதி கொடுத்தது. சிக்கல் என்னவென்றால், வைரசு எல்லாக் கலங்களுக்கும் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்த இடத்திலும், ஏற்கெனவே இருக்கும் விகாரப் பி53 அந்த நால்வர் கூட்டில் புகுந்து நல்லதையும் முடக்கிவிடக்கூடும்.