அந்தக் கொலையாளிக்குக் கண் எவ்வளவு தெரியும்?

2006-இல் வெளியான ‘தி டாவின்சி கோட்’ படத்தில் சைலஸ் என்றொரு துறவி வருவார். வெளுத்த தோல், வெளுத்த முடி, சொன்னவுடன் கொலை செய்கிற ஆள். அவருக்கு அல்பினிசம், அதாவது உடலில் நிறமி மிகக் குறைவாகவோ இல்லாமலோ பிறக்கும் நிலை, என்பது கதை. நடித்த பால் பெட்டனிக்கு அது கிடையாது. அமெரிக்காவில் அல்பினிசம் உள்ளவர்களுக்காக 1982 முதல் இயங்கிவரும் நோவா அமைப்பு அப்போது எதிர்ப்புத் தெரிவித்தது. எத்தனையோ படங்களில் இதே வெளுத்த வில்லனைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். எனக்கு இதில் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. சைலஸ் காரோட்டுகிறார், துப்பாக்கியால் சுடுகிறார். அல்பினிசத்தில் பார்வையும் குறையும்; அந்தக் கண்களால் அது எப்படி முடியும்?

தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் தருவது மெலனின். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை உடல் தயாரிக்கிறது. தயாரிப்பைத் தொடங்கிவைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. இந்த நொதிக்கான மரபணுவோ, இதே வேலையில் பங்குள்ள வேறொரு மரபணுவோ பழுதானால் மெலனின் குறையும், அல்லது உருவாகவே உருவாகாது. பெரும்பாலான வகைகளில், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு அல்பினிசம் வரும். அந்த இருவரும் பெரும்பாலும் வழக்கமான நிறத்தில்தான் இருப்பார்கள். இது தெரியாமல் தாயின் மேல் பழி போடுகிற கொடுமை பல ஊர்களில் நடந்திருக்கிறது.

திரையில் நாம் கவனிப்பது தோலை. பெரிய மாற்றம் நடப்பது கண்ணில், அதுவும் குழந்தை பிறப்பதற்கு முன்பே. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்றொரு சின்னக் குழி இருக்கிறது. எழுத்தைப் படிக்கவும் தூரத்து முகத்தை அடையாளம் காணவும் அதுதான் உதவுகிறது. மெலனின் குறைந்த கண்ணில் இந்தக் குழி சரியாக உருவாவதில்லை. கண்ணாடி போட்டாலும் இந்தக் குறை தீராது.

அப்புறம் நரம்புகள். வழக்கமாக ஒரு கண்ணிலிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பாதிக்குச் சற்று அதிகமானவை மூளையின் எதிர்ப்பக்கத்துக்குப் போகும், மீதி அதே பக்கத்தில் தங்கும். இரு கண்களின் காட்சியும் ஒரே இடத்தில் சந்திப்பதால் மூளை ஒப்பிட்டுப் பார்த்து ஆழத்தை அறிகிறது. அல்பினிசத்தில் மிகப் பெரும்பாலான இழைகள் எதிர்ப்பக்கத்துக்கே போய்விடுகின்றன. அதனால் படி இறங்கும்போது, பந்து பிடிக்கும்போது சிரமம். இதோடு கண்மணிகள் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும். தலையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்தால் சிலருக்கு அந்த அசைவு குறையும். அறியாதவர்கள் இதை ஓரப்பார்வை, கள்ளப்பார்வை என்று நினைத்துவிடுகிறார்கள். பாவம், அவர் தெளிவாகப் பார்க்க முயல்கிறார், அவ்வளவுதான்.

சரி, அல்பினிசம் என்றதும் பலர் நினைக்கிற அந்தச் சிவப்புக் கண்கள்? பெரும்பாலோருக்கு நீலம், சாம்பல், இளம்பழுப்பு நிறக் கண்கள்தான். கருவிழியில் நிறமி குறைவாக இருப்பதால் ஒளி அதன் வழியாகவே உள்ளே புகுந்து, பின்னாலுள்ள இரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்புகிறது. சில கோணங்களில் மட்டும் அது சிவப்பாகத் தெரியும். ஃபிளாஷ் போட்ட படத்தில் நம் கண்ணும் சிவப்பாக விழுகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். இப்படி அளவுக்கு மீறி ஒளி புகுவதால்தான் வெயில் கூசுகிறது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவர்களுக்கு அன்றாடத் தேவை. திரையிலோ அது மர்மத்துக்கான வேஷம்.

இந்தப் பழக்கம் பழையது. 1897-இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலின் கிரிஃபினும் கிட்டத்தட்ட அல்பினிசம் உள்ளவர்தான். உடலில் நிறமி இல்லாவிட்டால் மறைவது எளிது என்பது வெல்ஸின் கணக்கு. நிறமியைப் பற்றி அவ்வளவு யோசித்த கதையிலும் கிரிஃபின் கடைசியில் ஊரை மிரட்டுகிறவராகத்தான் ஆகிறார்.

2018-இல் தொடங்கிய ‘பிளாக் லைட்னிங்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் டோபியாஸ் வேல் என்ற பாத்திரத்தில் நடித்தவர், உண்மையிலேயே அல்பினிசம் உள்ள மார்வின் ஜோன்ஸ். அந்த வகையில் மகிழ்ச்சி. பாத்திரம் என்னவோ மறுபடியும் வில்லன்தான். நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்கச் சட்டைப் பையிலிருந்து ஒற்றைக்கண் தொலைநோக்கியை எடுக்கிற ஒருவரை நான் இன்னும் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.