போர்வைக்குள் ஆறிய கண்ணாடியை விற்காதீர்கள்

வாங்கி இரண்டே மாதம் ஆன கண்ணாடிப் பதக்கம் ஒன்று சென்ற வாரம் பழுதுபார்க்க வந்தது. துளை வழியாக நேர் பாதியாகப் பிளந்திருந்தது. கீழே விழவில்லை, எதிலும் இடிபடவில்லை. நகைப்பெட்டியில் பஞ்சின் மேல் இருந்தபடியே பிளந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "எங்கேயாவது தட்டியிருப்பீங்க, கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்" என்று பதில் வந்ததாம். இப்படிப்பட்ட துண்டுகள் அடிக்கடி வருகின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அனீல் செய்யவில்லை, அதாவது சூளையில் குறிப்பிட்ட சூட்டில் நிறுத்தி மெதுவாக ஆறவைக்கவில்லை.

டார்ச்சில் கண்ணாடிக் கம்பியை உருக்கி மணி செய்யும் லேம்ப்வொர்க் வேலையை வீட்டில் கற்றுக்கொள்வது நல்ல விஷயம். செய்ததை விற்பதும் நல்ல விஷயம். சூளை இல்லாமல் செய்து விற்பதைத்தான் ஏற்க முடியாது. சொன்னால் உடனே வரும் பதில்: "சூடு ஆறாம இருக்க செராமிக் ஃபைபர் போர்வையில சுத்திதான் வைக்கிறேன், மெதுவாத்தான் ஆறுது." சிலர் வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள்களில் புதைக்கிறார்கள். சிலர் மணலில், சிலர் சாம்பலில். ஒருவர் சமையலறை அவனில் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்ததாகச் சொன்னார்.

பொறுமையாகப் படியுங்கள். போர்வை செய்வது ஒரே வேலை: மணி அந்த நிமிடமே வெடிக்காமல் காப்பது. வேகமாக ஆறினால் வரும் விரிசல் வேறு, ஆறி முடிந்த கண்ணாடிக்குள் தங்கிவிடும் இறுக்கம் வேறு. இரண்டாவதைப் போக்க, மணியின் தோலும் நடுவும் ஒரே சூட்டுக்கு வந்து, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 104 வகை (இந்த எண் சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும்) மென்கண்ணாடிக்கு, அதாவது இத்தாலியின் முரானோ கம்பிகளுக்கு, அந்த இடம் சுமார் 510 டிகிரி செல்சியஸ். சூட்டைத் தாங்கும் கடினக் கண்ணாடியான போரோசிலிகேட்டுக்கு, சுருக்கமாக போரோவுக்கு, சுமார் 565. போர்வைக்குள் மணி இந்த இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும், எங்கும் நிற்காது. மணல், சாம்பல், வெர்மிகுலைட் எல்லாம் இதேதான். எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் இதேதான். சமையலறை அவனில் வைப்பது இன்னும் மோசம். 250 டிகிரியில் கண்ணாடி முழுக்க இறுகிப்போய்விட்டது. அங்கே இரண்டு மணி நேரம் வைத்தாலும் இரண்டு நாள் வைத்தாலும் உள்ளே எதுவும் தளராது.

"என் மணிகள் ஒரு வருஷமா உடையலையே" என்கிறார்கள். 6, 8 மில்லிமீட்டர் உருண்டை மணிகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். சிறியது, எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். அந்த நம்பிக்கையில் 25 மில்லிமீட்டர் பதக்கம் செய்து, அதன்மேல் பூவும் இலையும் ஒட்டி விற்கும்போதுதான் வினை வருகிறது. உடையாமல் இருப்பது அனீல் ஆனதற்குச் சாட்சி இல்லை. ஏசி அறைக்குள் நுழைவது, வெந்நீரில் கழுவுவது, துளை ஓரத்தில் கம்பி உரசும் ஒரு கீறல், இதில் ஏதாவது ஒன்று போதும்.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டிலேயே பார்த்துவிடலாம். எல்சிடி திரை உள்ள லேப்டாப்பில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைத் திரைக்கு முன் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் கண்ணாடி வழியே திரை கறுத்துப்போகும். அந்தக் கோணத்திலேயே வைத்துக்கொண்டு, திரைக்கும் கிளாஸுக்கும் நடுவில் தெளிந்த மணியைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். சரியாக அனீல் ஆன மணி எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். போர்வையில் ஆறிய மணியில் துளையைச் சுற்றியும், நிறம் ஒட்டிய இடங்களிலும் வெளிச்சத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். ஒளிபுகாத நிறங்களை இந்த வழியில் சோதிக்க முடியாது. அதனால் சூளையில் வைக்கும் ஒவ்வொரு தொகுதியிலும், இருப்பதிலேயே தடிமனான மணி அளவுக்குத் தெளிந்த மணி ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அது தேறினால் மற்றவையும் தேறியதாக எடுத்துக்கொள்ளலாம்.

சூளை வேலை இவ்வளவுதான். டார்ச் பற்ற வைக்கும் முன்பே சூளை 510-க்கு வந்திருக்க வேண்டும். மணியின் செம்மை மறைந்த பிறகு உள்ளே வையுங்கள். சிவப்பாக வைத்தால் செங்கல் தடம் பதியும். கடைசி மணி உள்ளே போன பிறகு, 12 மில்லிமீட்டர் தடிமன் வரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 430 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. அதற்குப் பின் சூளையை அணைத்து, தொடாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் திறந்தால் போதும். 'ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்' என்று 300 டிகிரியில் கதவைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

சூளை வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. போர்வையில் ஆறி, விரிசல் இல்லாமல் தப்பிய மணிகளைச் சேர்த்துவைத்து, டிஜிட்டல் கன்ட்ரோலர் உள்ள மின்சூளை வைத்திருக்கும் பானைக் கலைஞர் யாரிடமாவது கேளுங்கள். குளிர்ந்த சூளையில் மணிகளை அடுக்கி, ஒரு மணி நேரத்துக்கு 200 டிகிரி வேகத்தில் 510-க்கு ஏற்றி, மேலே சொன்ன கணக்கிலேயே இறக்கலாம். சொந்தச் சூளை என்றால் மின்கட்டணப் பயம் வேண்டாம்: 1,500 வாட் சூளை நான்கு மணி நேரம் விடாமல் இழுத்தாலும் 6 யூனிட்தான். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம்.

அனீலிங்கால் தீர்க்க முடியாத ஒன்று, கண்ணாடி வகைகளைக் கலப்பது. 104, 96, 90, 33 என்ற எண்கள் சூட்டில் கண்ணாடி விரியும் அளவைச் சொல்கின்றன. 104-ன் மேல் 33-ஐ, அதாவது போரோசிலிகேட்டை, ஒட்டினால் எந்தச் சூளையாலும் காப்பாற்ற முடியாது. பெயர் தெரியாத தெளிந்த கம்பி கையில் இருந்தால் ஒரு டம்ளரில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி அதில் விடுங்கள். போரோசிலிகேட் என்றால் எண்ணெய்க்குள் விளிம்பே தெரியாமல் ஏறத்தாழ மறைந்துபோகும். மென்கண்ணாடியின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

புகைபிடிக்கும் கண்ணாடிக் குழாய் செய்பவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். மென்கண்ணாடிக் குழாயை 'போரோ' என்று சொல்லி விற்பது மோசடி மட்டுமல்ல, ஆபத்தும்கூட. லைட்டர் தீ கிண்ணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சுடவைக்கும், தண்டு குளிர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தை மென்கண்ணாடி தாங்காது. உடைந்த சில்லு வாய்க்கு அருகில் இருக்கும். போரோவிலும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, இணைப்பை மேலோட்டமாக உருக்கி விடுவது. வெளியே வழவழப்பாக இருக்கும், உள்பக்கம் கூர்மையான பள்ளமாகக் கோடு தெரியும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அந்தக் கோடு மறையும்வரை சூடேற்றி, லேசாக ஊதிச் சமப்படுத்துங்கள். மற்றொன்று, 3 மில்லிமீட்டர் சுவரின் மேல் 20 மில்லிமீட்டர் கோலியை ஒட்டுவது. அப்படி ஒட்டினால் 565-ல் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், இறக்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

ஏற்றுமதி ஆசை உள்ளவர்கள் போகும் நாட்டின் சட்டத்தை முதலில் படியுங்கள். அமெரிக்காவில் போதைப்பொருள் புகைக்கும் குழாய் விற்பவர்கள் மீது 2003-ல் நடந்த 'ஆபரேஷன் பைப் ட்ரீம்ஸ்' நடவடிக்கையில் நடிகர் டாமி சோங்குக்கே குழாய் விற்ற வழக்கில் 9 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெட்டியின் மேல் 'கலைப்பொருள்' என்று எழுதிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கண்ணுக்கு: சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது. தீயில் எழும் மஞ்சள் சோடியம் ஒளியை மறைக்க டிடைமியம் கண்ணாடி வேண்டும். போரோவுக்கு அது மட்டும் போதாது, அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் வெல்டிங் ஷேடு சேர்ந்த கண்ணாடி வேண்டும். கண்ணாடித் தொழிலாளர்களுக்கு வரும் கண்புரை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது.

மூச்சுக்கு: மணி உலோகக் கம்பியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசி, துளைக்குள் தங்கிவிடும் பீட் ரிலீஸ் பொடியைத் தண்ணீருக்கு அடியில் வைத்துத்தான் தேய்த்து எடுக்க வேண்டும். உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். பொடி போகாத மணியை விற்கவும் கூடாது, நூலிலும் துணியிலும் பொடி ஒட்டும். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் பாப் ஸ்நாட்கிராஸ் பரப்பிய புகையேற்றத்தை, அதாவது வெள்ளியையும் தங்கத்தையும் தீயில் ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைப்பதை, புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் முயலவே முயலாதீர்கள். ஜன்னல் திறந்திருப்பது எக்ஸாஸ்ட் ஆகாது.

எரிவாயு: எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். விற்பனைக்கான வேலைக்கு வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. டார்ச்சுக்குப் போகும் எரிவாயு, ஆக்சிஜன் இரண்டு குழாயிலும், தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் மாட்டுங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக் கூடாது.

ஏற்கெனவே அனீல் செய்யாமல் விற்றுவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கியவர்களின் விவரம் உங்கள் ஆர்டர் பட்டியலில் இருக்கும். 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணி, பதக்கம், எல்லாக் குழாய்கள், இவற்றை வாங்கியவர்களுக்கு மட்டுமாவது எழுதுங்கள். கூரியர் செலவை நீங்களே ஏற்றுத் திரும்ப வாங்கி, திரையில் சோதித்து, விரிசல் இல்லாதவற்றை அனீல் செய்து அனுப்புங்கள். விரிசல் உள்ளவற்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.